மூன்றாம் ரீலிலிருந்து

சாம்பலும் புளியும் கலந்த ஒரு வாடை. எங்கள் ஊர் சினிமாக் கொட்டகையில் பெண்கள் பக்கத்துக்கு அதுதான் வாடை. மல்லிகைப்பூ மணந்தது, பவுடர் மணந்தது என்று யாராவது எழுதியிருந்தால் நம்பாதீர்கள். வீட்டு ஆண்கள் சாப்பிட்டுக் கை கழுவித் துண்டை உதறித் தோளில் போட்டுக் கிளம்பிய பிறகு, எச்சில் இடத்தை மெழுகி, பானை சட்டிகளைத் தேங்காய் நாரும் சாம்பலும் புளியும் வைத்துத் தேய்த்துக் கவிழ்த்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடியே ஓட்டமும் நடையுமாக வந்து மணலில் உட்கார்ந்த பெண்களின் கைவாடை அது. என்னைப் பெற்ற ஆத்தாவின் கையிலும் அதே வாடைதான்.

உலக யுத்தம் முடிந்த சமயம், எனக்கு ஒன்பது வயது இருக்கும். சின்னமனூருக்கு வெளியே அறுப்பு முடிந்த வயலில் கீற்றுக் கொட்டகை போட்டு "டூரிங்" வந்து இறங்கியது. பொழுது சாய்ந்ததும் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுவார்கள். கடைசியாக ஒரு முருகன் பாட்டு வரும், அது முடிந்தால் படம் ஆரம்பம் என்று அர்த்தம். அந்தப் பாட்டு முடிகிற நேரத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் ஆண் இருக்கமாட்டான், ஒரு பெண்ணும் அடுப்படியை விட்டு வெளியே வந்திருக்கமாட்டாள். கொட்டகையில் இருந்தது ஒரே ஒரு மெஷின். ஒவ்வொரு ரீலும் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். இருட்டில் பெண்கள் தட்டுத்தடுமாறி வந்தால் ஆண்கள் கூச்சல் போடுவார்கள் என்று, விளக்கு எரிகிறபோதுதான் எங்கள் பக்கத்துத் தட்டியைத் திறப்பார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது இரண்டு ரீல் போயிருக்கும். டிக்கெட் கிழிக்கிறவன் எங்களுக்கு "மூணாம் ரீலுக்காரிக" என்றே பேர் வைத்திருந்தான். அதைச் சொல்லிச் சிரிப்பான். பெண்களும் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

படம் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் கால் மணி நேரத்தில் ஒருவன் எப்படி உள்ளே வருகிறானோ அப்படித்தான் அவன் நம் மனசில் கடைசி வரை நிற்பான். அந்த வருஷம் வந்த ஒரு படத்தில் கதாநாயகன் வந்தவுடனே, எரிகிற குடிசைக்குள் பாய்ந்து கண் தெரியாத கிழவி ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வருவானாம். ஆண்கள் பக்கத்தில் விசில் பறந்ததாம், எங்கள் அய்யாவே துண்டைத் தூக்கிச் சுழற்றினாராம். நான் "னாம், னாராம்" என்று எழுதுவது நான் அதைப் பார்க்கவில்லை என்பதால்தான். நாங்கள் உள்ளே போய் உட்காரும்போது அவன் பெண்டாட்டியைக் கன்னத்தில் அறைந்துகொண்டிருந்தான். அதற்குப் பிறகும் படம் முழுக்க அவன் வேறு வேலை எதையும் பார்க்கவில்லை. சந்தேகப்பட்டான், வயிற்றுப் பிள்ளையோடு அவளை வீட்டை விட்டு விரட்டினான், கடைசியில் காலில் விழுந்து அழுதான். ஆண்கள் பக்கத்தில் மூக்குச் சிந்துகிற சத்தம் கேட்டது. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி, "அழுகுறதப் பாரு, கட்டையில போறவன்" என்றாள்.

வீட்டுக்கு வந்தால் சண்டை. தங்கமான மனுசன், கெட்ட நேரம் அவனை ஆட்டிவைத்துவிட்டது என்று அய்யா சொன்னார். எந்தத் தங்கம் பெண்டாட்டியை அப்படி அடிக்கும் என்று ஆத்தா கேட்டாள். "ஒனக்கு என்ன தெரியும், நீ மொத ரீலப் பாத்தியா?" என்று அய்யா ஒரே போடாகப் போட்டார். மூன்றாம் ரீலிலிருந்து பார்த்தவளுக்குத் தீர்ப்புச் சொல்ல உரிமை கிடையாது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். அவளை மூன்றாம் ரீல் வரைக்கும் அடுப்படியில் நிறுத்தியது யார் என்று கேட்கவும் அந்தச் சட்டத்தில் இடம் கிடையாது.

இதெல்லாம் வெறும் சினிமாப் பேச்சு என்றால் நான் எப்போதோ மறந்திருப்பேன். அதே சமயம் எங்கள் வீட்டில் என் அக்கா சீனியம்மாள், இடது கையில் பச்சிலைக் கட்டுப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளைக் கட்டியவர் உடைத்த கை அது. சோற்றில் உப்பு இல்லை என்று அடித்ததாக ஒரு நாள் சொன்னாள், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்று அடித்ததாக இன்னொரு நாள் சொன்னாள். காரணத்தைக் கேட்டுக்கொண்டிருந்த எங்களைத்தான் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவரை நான் முறை சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போதும் கூப்பிடப் போவதில்லை. ஆனால் அவர் எங்கள் குடும்பத்துக்குள் வந்த விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முல்லையாற்றில் தண்ணீர் வந்த ஒரு நாள், எங்கள் நெல் வண்டி ஆற்றைக் கடக்கும்போது மணலில் சக்கரம் இறங்கிக் குடை சாய்ந்தது. வண்டி ஓட்டிய மொக்கைச்சாமி அச்சுக்கு அடியில் மாட்டிக்கொண்டார், தண்ணீர் அவர் கழுத்துக்கு வந்தது. கரையில் நின்ற அத்தனை பேரும் கத்திக்கொண்டிருக்க, அக்கரை ஊர்க்காரர் ஒருவர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு குதித்து, மூட்டையோடு கிடந்த வண்டியைத் தோள் கொடுத்து நிமிர்த்தினார். மொக்கைச்சாமி பிழைத்தார். அய்யா அதைக் கரையிலிருந்து கண்ணால் பார்த்தார். பெண் கொடுப்பதென்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். ஆற்றில் குதித்தவர் செய்தது நல்ல காரியம்தான், யார் இல்லை என்றது? ஓர் உயிரைக் காப்பாற்றினார். ஆனால் அதற்குப் பிறகு அவர் என்ன செய்தாலும் அய்யாவின் கண்ணில் அந்த வண்டிதான் நிமிர்ந்தது. அக்கா உதடு கிழிந்து வந்தபோதும், கை ஒடிந்து வந்தபோதும் ஒரே பேச்சுத்தான்: "வண்டியத் தூக்குன மனுசன்டீ அவுக. கையில கொஞ்சம் வேகம் இருக்கத்தான் செய்யும்." கை சேர்ந்ததும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்று நாளும் குறித்தாயிற்று.

ஆத்தா சண்டை போட்டுப் பார்த்தாள், பட்டினி கிடந்தும் பார்த்தாள். இரண்டும் எடுபடவில்லை. அப்போது கொட்டகைக்குப் புதுப் படம் வந்தது. படம் போட்ட முதல் நாள் சாயங்காலம், ஆத்தா அடுப்பில் ஈர விறகை வைத்தாள். காய்ந்த விறகு கொல்லையில் அடுக்கடுக்காக இருந்தது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனபோது முழங்கையால் ஒரு இடி இடித்தாள். வீடெல்லாம் புகை. ஒலிபெருக்கியில் முருகன் பாட்டுக் கேட்டது, சோறு இன்னும் கொதிக்கவே இல்லை. சாப்பிடாமல் கிளம்புகிற வழக்கம் எங்கள் வீட்டு ஆண்களுக்கு இல்லை. ஆண் பசியோடு படம் பார்த்தால் வீட்டுப் பெண்ணுக்கு அவமானம் என்பார்கள், பெண்ணின் பசியைப் பற்றி அப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அய்யா கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்து நடந்து திட்டினார். சாப்பிட்டு முடித்து அவர் கொட்டகைக்குப் போனபோது நாங்களும் பின்னாலேயே போனோம். எங்களோடு சேர்ந்து அவரும் தட்டிக்கு வெளியே நின்று, விளக்குப் போட்ட பிறகு ஆண்கள் பக்கம் போய் உட்கார்ந்தார். அவர் வாழ்க்கையில் மூன்றாம் ரீலிலிருந்து பார்த்த முதல் படம் அது.

அந்தப் படத்தின் நாயகன் பஞ்சத்தில் வந்தவர்களுக்குத் தன் களஞ்சியத்தையே திறந்துவிட்ட வள்ளல் என்று பிறகு கேள்விப்பட்டேன். நாங்கள் பார்த்தது அவன் பெண்டாட்டியை அதே களஞ்சியத்துக்குள் போட்டுப் பூட்டுவதைத்தான். அவள் கதவைத் தட்டத் தட்ட, வெளியே அவன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அய்யாவோடு பேச எதிர்வீட்டுக்காரர் வந்தார். படம் அபாரம் என்றார். அய்யா பாய்ந்துவிட்டார். அவனெல்லாம் ஒரு மனுசனா, அந்தப் பெண்ணைப் பெற்றவன் எங்கே போனான், அருவாளை எடுத்துக்கொண்டு வர வேண்டாமா என்று சத்தம் போட்டார். எதிர்வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே, முதல் ரீலைப் பார்த்திருந்தால் அப்படிப் பேசமாட்டீக என்றார்.

"மொத ரீலுல என்னத்தப் பண்ணியிருந்தா என்னய்யா? ஊருக்கெல்லாம் நெல்ல அள்ளிக் குடுத்தா, பொம்பளப் பிள்ளைய அடைச்சு வச்சு அடிக்கலாம்னு இருக்கா?"

ஆத்தா அப்போது அவருக்குக் கம்பங்கூழ் கொண்டுவந்தாள். செம்பைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நம்ம மாப்பிள்ளைக்கும் மொத ரீலுதான் நீங்க பாத்தீக. மிச்சத்தப் பாத்துட்டு வந்தவ உள்ள படுத்துருக்கா. அவளக் கேளுங்க."

எதிர்வீட்டுக்காரர் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அய்யா உள்ளே அக்கா படுத்திருந்த பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், அவருக்குப் புரிந்துதான் இருந்தது. புரியாத மனுசர் என்றால் நான் இவ்வளவு கோபப்பட மாட்டேன். கூழை ஒரு சொட்டு விடாமல் குடித்தார், மீசையைத் துடைத்தார். "அது படம். இது குடும்பம்" என்றார். அவ்வளவுதான். பிறத்தியார் பெண்ணுக்கு அருவாளைத் தூக்கச் சொன்னவர், தன் பெண்ணுக்கு வண்டி பூட்டச் சொன்னார்.

கட்டுப் பிரித்ததும் அய்யாவே அக்காவைக் கொண்டுபோனார். துணைக்கு என்னையும் வண்டியில் ஏற்றினார்கள். மொக்கைச்சாமிதான் ஓட்டினார். அக்காவுக்குக் கை சரியாகச் சேரவில்லை, தோளுக்கு மேலே தூக்க முடியாது. அவளுக்குத் தலை பின்னிவிட்டது நான். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நடு ஆற்றில் அய்யா வண்டியை நிறுத்தச் சொல்லி, கையை நீட்டி அக்காவுக்குக் காட்டினார். "இங்கனதான் தாயி, மாப்பிள்ளை தூக்குனாக. என்னமா தூக்குனாக." கேட்டுக்கொண்டிருந்த மொக்கைச்சாமி திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "என் உசுரக் காப்பாத்துனாக, நான் இல்லைங்கலய்யா. அதுக்குப் பிள்ளை என்னய்யா செய்யும்?" வண்டியை ஓட்டு என்று அய்யா அதட்டினார். அக்கா மாட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். உயிர் பிழைத்தவரே முதல் ரீலோடு நின்றுவிடவில்லை, கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர் சாகிற வரை அதைத் தாண்டி வரவில்லை. இந்த அநியாயத்தை நான் எங்கே போய்ச் சொல்வது?

அக்கா அந்த வீட்டில் பிள்ளைகளைப் பெற்றாள், வளர்த்தாள், அடி வாங்கினாள். ஆத்தா அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தாள். அய்யா போகிற காலத்திலும் மாப்பிள்ளையின் தோள்வலிமையைப் பேசிக்கொண்டேதான் போனார். அய்யாவை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்கிறவர்கள் உண்டு. இல்லை.

பல வருஷம் கழித்து அக்காவைக் கட்டிய அந்த மனுசரும் இறந்தார். பெரிய எழவு, பெருங்கூட்டம். பந்தலில் ஆண்கள் உட்கார்ந்து ஆற்றுக் கதையைப் பேசினார்கள், அன்றைக்குப் பிறந்தே இராதவர்கள் கூடக் கண்ணால் கண்ட மாதிரி சொன்னார்கள். வண்டியில் மூட்டைகள் கூடிக்கொண்டே போயின, ஆற்றில் தண்ணீரும் ஏறிக்கொண்டே போயிற்று. உள்ளே பெண்களுக்கு நடுவில் இருந்த அக்கா, யாரும் எதிர்பார்க்காதபடி எழுந்து நிலைப்படிக்கு வந்து நின்றாள்.

"ஆத்தங்கரையில பாத்தவுக எல்லாரும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிட்டீக. மிச்சத்த நான் ஒருத்திதான் உக்காந்து பாத்தேன்."

துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி அவளை உள்ளே கூட்டிப்போனார்கள். கொஞ்ச நேரத்தில் பந்தலில் மறுபடி கதை ஆரம்பித்தது.

இப்போது அக்கா தேனியில் என்னோடு இருக்கிறாள். கொட்டகை போட்ட வயலில் வீடுகள் வந்துவிட்டன. மணல் இல்லை, தட்டி இல்லை, ரீலுக்கு ரீல் விளக்குப் போடுகிற ஒற்றை மெஷின் இல்லை. பெண்கள் ஆண்களுக்கு முன்னாலேயே வந்து நாற்காலி பிடிக்கிறார்கள், பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. நாங்கள் இருவரும் மாதம் தவறாமல் படத்துக்குப் போகிறோம். ஆனால் போனவுடன் உள்ளே போவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்போம், அக்கா இடது கையை மடியில் போட்டுக்கொண்டு வலது கையால் நொறுக்கி எனக்கும் கொடுப்பாள். போன வாரம் கதவருகே நின்ற பையன் பொறுக்கமாட்டாமல் வந்து, படம் போட்டாச்சு, முதல் சீன் போய்விடும், உள்ளே போங்கம்மா என்றான். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"போகட்டும்ப்பா. அவன் நல்லவன்னு காட்டி முடிக்கட்டும், பெறகு வாரோம்."