ஜன்னலைச் சாத்தியது நான்தான்

தாராவியில் கீழே என் கணவரின் தோல் பை செய்யும் பட்டறை. உள்ளிருந்தே இரும்பு ஏணி ஏறினால் மேலே எங்கள் ஒற்றை அறை வீடு. போன கோடையில் ஒரு மத்தியானம் புழுதிக்காற்று கிளம்பி வானமே மஞ்சளாகிவிட்டது. ஜன்னல்களை மூடிக்கொண்டு உள்ளேயே இருக்கும்படி மாநகராட்சியிலிருந்து போனில் செய்தி வந்தது. மகள் ஆஃப்ரினுக்கு வீசிங் உண்டு. பதறிப்போய் இருந்த ஒரே ஜன்னலையும் சாத்தி, இடுக்கெல்லாம் ஈரத்துணி செருகினேன். தூசி பட்டால் தோல் ஒட்டாது என்று அவரும் ஷட்டரை இறக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

அரை மணி நேரத்தில், "உம்மா, மூச்சு முட்டுது" என்றாள் ஆஃப்ரின். இன்ஹேலர் பம்ப் அடித்தும் கேட்கவில்லை; உதடு கறுத்தது. என் தலையும் கிறுகிறுத்தபோதுதான் உறைத்தது. தோல் ஒட்டும் பசையின் நெடி வெளியேற வழியில்லாமல் ஏணி வழியாக மேலே ஏறியிருக்கிறது. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நெபுலைசர் வைத்த பிறகே மூச்சு சீரானது.

"வெளிய தூசின்னுதான சாத்துனோம்? நான் என்ன செய்ய?" என்றார் அவர்.

"பசை டப்பாவ மூடியிருக்கலாம்லா?"

செய்தி அனுப்பியவர்கள் மீதும் ஆத்திரம் தீரவில்லை. பட்டறைக்கு மேலே குடியிருப்பவர்கள் அவர்கள் கணக்கிலேயே இல்லையா? ஆனால் துணி செருகியது என் கைதானே.

இப்போது வானம் மஞ்சளானால் முதலில் கீழே இறங்கி பசை டப்பாவை இறுக மூடுகிறேன். நெடி போன பிறகே ஜன்னலைச் சாத்துகிறேன். "ஆர்டர் லேட்டாவுது புள்ள" என்பார். ஆஃப்ரினின் பம்பை எடுத்து அந்த டப்பாவின் மேல் வைப்பேன். கையிலிருக்கும் தோலை அவர் ஒதுக்கி வைத்துவிடுவார்.