கீழிருந்து தள்ளிய கை

அந்த மருத்துவமனையில் அவளுக்கு ‘அவசரக்கை’ என்று பெயர். முகத்துக்கு நேரே டாக்டரம்மா, முதுகுக்குப் பின்னால் அவசரக்கை. சிசேரியன் மேஜையில் அவளைப் போல நிதானமானவர் அங்கே ஒருவரும் கிடையாது. ஆனால் பெயரை வைத்தவர் பெரிய டாக்டர் ஆயிற்றே, லேசில் உதிருமா?

அவள் பயிற்சி டாக்டராகச் சேர்ந்த புதிதில் நடந்தது அது. நெடுநேரம் முக்கிக் களைத்துப்போன ஒரு பெண்ணுக்கு, குழந்தையின் தலை இடுப்பெலும்புக்குள் ஆப்பு அடித்தாற்போல இறுகிக்கொண்டது. வயிற்றைத் திறந்தாகிவிட்டது, தலை மட்டும் மேலே வர மறுத்தது. அந்த மாதிரி நேரத்தில் ஒருவர் கால்மாட்டில் நின்று, பிறப்பு வழியாகக் கைவிட்டுத் தலையை மேலே தள்ளிக் கொடுக்க வேண்டும். மேலிருந்து இழுத்தவர் பெரிய டாக்டர். கீழிருந்து தள்ளியவள் இவள்.

“தலை அசையவே இல்ல சார். காலைப் பிடிச்சு எடுத்துடலாமா?”

“எனக்கே பாடம் நடத்துறியா? தள்ளுன்னா தள்ளு!”

குழந்தையின் தலைக்கும் எலும்புக்கும் நடுவே அவர் கையைத் திணித்து நெம்பினார். மண்டையோடு விரிசல் விட்டுப் பிறந்த குழந்தை மறுநாள் போய்விட்டது. வராந்தாவில் நின்ற தகப்பனிடம் அந்த மனிதர், “கீழ இருந்து தள்ளின பொண்ணு கொஞ்சம் அவசரப்பட்டுட்டா” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். தகப்பன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையைத்தான் பார்த்தான். அவள் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். செய்யாத குற்றத்துக்குக் கையை மறைத்தோமே என்ற ஆத்திரம் பிறகு ஆறவேயில்லை.

ஊர் ஊராக வேறு மருத்துவமனைகளில் வேலை பார்த்து, தலை சிக்கினால் காலைப் பிடித்து எடுக்கும் வித்தையைக் கற்றாள். வீட்டில் தலையணை உறைக்குள் ஒரு பொம்மையைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு காலைத் தேடித் தேடி எடுப்பாள். “தாயும் சேயும் நலமா?” என்று கணவன் கிண்டல் செய்வான். அவள் சிரிக்க மாட்டாள். பழைய மருத்துவமனைக்கே மாற்றல் கேட்டபோதுதான் அவன் அசந்துபோனான்.

“அந்தாளு மூஞ்சியில திரும்பவும் முழிக்கணுமா உனக்கு?”

“நான் ஏன் முழிக்கணும்? அவர் முழிக்கட்டும், என் மூஞ்சியில. தினமும்.”

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வராதா? வந்தது, ஒரு மத்தியான வேளையில். பிரசவத்துக்கு வந்தவள் பெரிய டாக்டரின் ஒரே மகள். “என் பொண்ணுக்கு எதுக்குக் கத்தி?” என்று வீம்பு பிடித்து, முக்கு முக்கு என்று அவர் காக்க வைத்த வைப்பில் அந்தக் குழந்தையின் தலையும் இறுகிவிட்டது. பெற்ற பெண் வயிற்றில் கத்தி வைக்க அவருக்குக் கை வரவில்லை. அன்று பணியில் இருந்த வேறு அறுவை டாக்டர் அவசரக்கை ஒருத்திதான்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன மகள், திரைக்கு அந்தப்பக்கம் விழித்தபடி கிடந்தாள். கீழிருந்து தள்ள நர்ஸ் அக்கா கையுறையோடு தயாராக நின்றாள். எத்தனையோ தலைகளைப் பதமாகத் தள்ளிக் கொடுத்த கை அது.

“நீங்க வேணாம்க்கா,” என்றாள் அவசரக்கை. “சார் வரட்டும். கீழ நின்னு தள்ளட்டும்.”

அக்கா அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரிந்தே அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். பெரிய டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு வந்து மகளின் கால்மாட்டில் குனிந்தார். அந்தக் குனிந்த முதுகைப் பார்க்க அவளுக்குத் தேனாக இனித்தது.

கருப்பையைத் திறந்தாள். “தள்ளுங்க சார். உள்ளங்கையை அகலமா வெச்சு, மெதுவா.”

அவருக்கு நடுக்கம். உள்ளங்கை போய் விரல் நுனிகள் வந்தன. பிஞ்சு மண்டையில் அவை குத்தி நிற்பதை மேலிருந்த அவள் கை உணர்ந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாலே போதும். பழி தானாகத் தீரும், குற்றமும் அவர் தலையிலேயே விழும். நினைப்பு அவ்வளவு தூரம் போனது நிஜம்.

“அப்பா, என்னமோ அமுக்குதுப்பா,” என்று திரைக்குப் பின்னால் குரல் கேட்டது.

“கையை எடுங்க!” என்று கத்தினாள் அவள்.

“இன்னும் கொஞ்சம்...”

“எடுங்கன்னா எடுங்க!”

எடுத்தார். கருப்பை தளர மருந்து போடச் சொல்லிவிட்டு, கையை வயிற்றின் மேல்பக்கம் விட்டுத் துழாவினாள். குதிகால் தட்டுப்பட்டது. பிடித்தாள். இன்னொரு காலும் வந்தது. அவசரமே இல்லாமல் கால், இடுப்பு, தோள், கைகள் என்று வெளியே வர, கடைசியில் இறுகிக் கிடந்த தலை வழுக்கிக்கொண்டு வந்தது. குழந்தை சற்று யோசித்துவிட்டு வீறிட்டது.

அதே வராந்தாவில் மருமகன் ஓடிவந்தான். “உள்ள என்ன மாமா ஆச்சு? ஏன் இவ்வளவு நேரம்?”

பெரிய டாக்டர் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். எதிரே ஆயாக்களும் நர்சுகளும் நின்றார்கள். நிற்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

“உங்க மாமா கையை எடுத்தாரு, கொழந்தை பொழச்சுது. முன்னாடி ஒரு தடவை, நான் சொல்லியும் கேக்காம கையை விட்டு நெம்பினாரு. அந்தக் கொழந்தை போயிடுச்சு. பழி என் தலையில விழுந்துச்சு. இல்லையா சார்?”

அவர் கையுறை கழற்றாத தன் கைகளைப் பார்த்தார். பிறகு மெல்ல அவற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

கை கழுவும் இடத்தில் அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். “நல்லாதான் கேட்ட. இன்னைக்கு அவர் கையை அங்க வெச்சது யாரு?”

“நான்தான்.”

“தள்ளத் தெரிஞ்ச நான் பக்கத்துல சும்மாதானே நின்னேன்?”

கழுவிய கையையே அவள் மறுபடி மறுபடி கழுவினாள். அக்காதான் குழாயை மூடினாள்.