டிரைவரைக் காணேல்லையாம்

வெள்ளவத்தையில நான் வேலை செய்யிற லொட்ஜில இண்டைக்குக் காலமை நடந்தது.

பழைய கொம்பியூட்டர் பழுதாகி, புதுசு ஒண்டு வந்திருக்கு. தங்கியிருக்கிற ஆக்களின்ர பெயர்ப் பட்டியலைப் பின்னேரத்துக்குள்ள பொலிசுக்குக் குடுக்க வேணும். அதைத் திறக்கப் போனால், டேட்டாபேஸ் டிரைவர் எண்ட புரோகிராம் இல்லை எண்டு சொல்லுது.

கல்கிசையில இருக்கிற சிநேகிதனுக்குப் போன் எடுத்தன்.

"டிரைவரைக் காணேல்லையாம் மச்சான். ஒரு இடத்தில இருக்கு எண்டு காட்டுது, மற்ற இடத்தில இல்லை எண்டு சொல்லுது. எனக்கு ஒண்டும் விளங்கேல்ல."

வவுனியாவில இருந்து வந்து மேல்மாடியில தங்கியிருக்கிற அன்ரி, அறைத் திறப்பைத் தர வந்தவ, அப்பிடியே நிண்டிட்டா. நான் போனை வைச்சதும் மெதுவாக் கேட்டா.

"எப்ப தொடக்கம் காணேல்லை தம்பி? பொலிசில சொல்லியாச்சோ?"

"அது மனுசன் இல்லை அன்ரி. கொம்பியூட்டருக்குள்ள இருக்கிற ஒரு சாமான்."

அவ கையில இருந்த திறப்பைப் பாத்தபடி சொன்னா.

"காணாமல் போன என்ர மனுசனையும் அப்பிடித்தான் சொன்னவை. ஒரு இடத்தில இருக்கிறார் எண்டு, மற்ற இடத்தில இல்லை எண்டு."

திறப்பை மேசையில வைச்சிட்டுப் போயிட்டா.

சிநேகிதன் சொன்னபடி 64 பிட் டிரைவரைக் கழட்டிப்போட்டு 32 பிட்டைப் போட்டன். பட்டியல் திறந்திட்டுது. ஏன் திறந்தது எண்டு இன்னும் எனக்கு விளங்கேல்ல.

அன்ரியின்ர பெயருக்கு நேர, கொழும்புக்கு வந்த காரணம் எண்ட இடத்தில, "சொந்த அலுவல்" எண்டு நான்தான் அடிச்சிருக்கிறன்.

இந்தச் சாமானுக்கு வேற பெயர் தெரிஞ்ச ஆரும் இருந்தால் சொல்லுங்கோ. இனி லொட்ஜுக்குள்ள நிண்டு டிரைவர் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது.