மாதா பந்தலுக்குப் போன கம்புகள்

மெர்லினுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் எண்ணூர் ஆற்றோரத்தில் தன் சொந்தக் குப்பத்துக்குச் சமூகக் கூடம் கட்டித் தந்தபோது ஒரே ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள். கூரைத்தளத்தில் பாதி சிமெண்டுக்குப் பதில் அனல்மின் நிலையத்துச் சாம்பல்.

சொல்லியிருந்தால் கட்ட விட்டிருப்பார்களா? அந்தச் சாம்பல் கலந்துதானே ஆற்றில் இறால் போச்சு, அவள் அப்பா இக்னேஷியஸின் தொழிலும் போச்சு. காயும் துணியில் சாம்பல் படிந்தால்கூட அந்த மனுஷன் அரை நாள் திட்டுவார். மெர்லின் கட்டடப் பொறியியல் படித்ததே அந்தக் கோபத்தில்தான். ஆற்றில் கொட்டுவதைக் கட்டடத்தில் அடைத்தால் ஆறு மட்டுமாவது மிஞ்சுமே என்று ஒரு பிடிவாதம். கல்மண்டபத்தில் சின்ன அலுவலகம் போட்டு, சிமெண்டைக் குறைத்து, இடித்த கட்டடங்களின் இரும்பு உத்தரங்களைத் தேடிப் பிடித்து, வீட்டுக்காரர்களிடம் ஏச்சும் வாங்கி, வருஷக்கணக்காக அதையே பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாம்பல் தளம் உறுதியாகத்தான் நிற்கும். ஆனால் மெதுவாக இறுகும். அடியில் முட்டுக்கொடுத்த சவுக்குக் கம்புகளை அதிக நாள் விட்டுவைக்க வேண்டும். மேஸ்திரி உசேனுக்கு மட்டும் இது தெரியும். உசேன் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த வாரம் பார்த்துத்தானா மாதா கோயில் திருவிழா வர வேண்டும்!

குப்பத்தில் ஒரு வழக்கம். கொடியேற்றப் பந்தலுக்குக் கம்பை வாடகைக்கு எடுக்க மாட்டார்கள். எங்கே கட்டட வேலை நடக்கிறதோ அங்கிருந்து தூக்கிவந்து, திருவிழா முடிந்ததும் திருப்பி வைப்பார்கள். மாதாவுக்கு என்றால் யார் மறுப்பார்? பந்தல் பொறுப்பு எப்போதும் இக்னேஷியஸுக்குத்தான்.

கொடியேற்றத்தன்று மாலை வந்து இறங்கிய மெர்லின் பந்தலைப் பார்த்தாள். கம்பு நுனிகளில் அவள் வேலையிடத்துச் சிவப்புப் பெயிண்ட். கூடத்துக்கு ஓடினாள். முட்டுக்கம்புகளை ஒன்று விட்டு ஒன்றாகப் பிடுங்கியிருந்தார்கள். மிச்சமிருந்ததில் நடுக்கம்பு ஒன்று வளைந்து முனகிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே சிரிப்புச் சத்தம். கொடி ஏறுவதைப் பார்க்கக் குப்பத்துப் பெண்கள் தளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்கள், அவள் அம்மா சிலுவையம்மாள் உட்பட.

கத்தினால் அத்தனை பேரும் ஒரேயடியாகப் படிக்கட்டுக்கு ஓடுவார்கள். ஓடினால் முடிந்தது. பொய் சொல்ல வராதவளுக்கு அன்று சரளமாக வந்தது. படியேறிப் போய், பந்தலுக்குள் பெண்களுக்கு இடம் போட்டிருக்கிறது, ஒவ்வொருவராக மெதுவாக இறங்குங்கள் என்றாள். சிலுவையம்மாள் மகள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளைக் கைபிடித்து எழுப்பினாள். கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை மெர்லினுக்கு உயிரே இல்லை.

தளம் இன்னும் நின்றது. விழுந்தால் சுவரை ஒட்டிய வீடுகளும் சேர்ந்து போகும். உடனே பந்தலைப் பிரித்துக் கம்புகளைத் திருப்பி நிறுத்தணும் என்றதும் இக்னேஷியஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சாமியார் கொடியை ஆசீர்வதிக்கும் நேரத்திலா? தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன், கல்லு மாதிரி கீது என்றார். ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"நைனா, அதுல பாதி சாம்பலு. இன்னும் இறுகல. உன்கிட்ட மறைச்சிட்டேன்."

அடிப்பார் என்றே நினைத்தாள். அவர் திரும்பிப் போய் முதல் பந்தல் கம்பைத் தானே பிடுங்கினார். பந்தல் சரிந்தது, திறந்த வெளியிலேயே கொடி ஏறியது. ஆண்கள் கம்புகளைச் சுமந்து ஓடிவர, மெர்லின் சொன்னபடி இக்னேஷியஸ் ஓரத்திலிருந்து உள்ளே ஒவ்வொன்றாக நிறுத்தி ஆப்பு அடித்தார். வளைந்த கம்புக்குப் பக்கத்தில் கடைசிக் கம்பு இறுகிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஆத்துல கொட்னத எங்க தலை மேல வச்சிட்டு, சொல்லாமயும் கீற."

அதோடு பேச்சு நின்றது. திருவிழா முடிந்த பிறகும் அவளுக்கு முகம் கொடுக்கவில்லை. அது அவளை அரித்தது. இப்போது மெர்லின் தளம் போடும் இடத்திலெல்லாம் சுவரில் பெரிய எழுத்து: சாம்பல் கலந்தது, கம்பைத் தொடாதே. படித்துவிட்டு வேலையே வேண்டாமென்று போகிறவர்கள் போகட்டும்.

கூடத்துத் தளம் இறுகி, ஊரிலிருந்து திரும்பிய உசேன் கம்புகளைக் கழற்றிய அன்று குப்பம் முழுக்கத் தள்ளியே நின்றது. மெர்லினும் வாசலில் தயங்கினாள். இக்னேஷியஸ் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு உள்ளே போய், நட்ட நடுவில் போட்டு உட்கார்ந்தார். ஒரு முறை மேலே பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார்.

"இன்னா அங்கயே நின்னுகினு கீற? உள்ள வா."