அக்கா மகளை அணியிலிருந்து எடுத்த வருடம்

அரியலூர் ஸ்டேஷனில் ரயில் நின்றால் நான் கடைசி ஆளாகத்தான் இறங்குவேன். இரண்டு முழங்கால்களும் படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கும். நாட்டுக்காக விளையாடி நான் சம்பாதித்தது இந்த முழங்கால் வலி ஒன்றுதான் என்று என் மனைவி கேலி செய்வாள். நான் மறுத்ததில்லை, மறுக்கவும் தெம்பில்லை.

நான் ரக்பி விளையாடியவன், இந்திய அணிக்கே விளையாடியவன். எங்கள் ஊரான குன்னம் பக்கத்தில் இதைச் சொன்னால் பாதிப் பேர் "அந்த முட்டைப் பந்துதான?" என்பார்கள். மீதிப் பேர் கபடி என்று நினைத்துக்கொண்டு, ஏன் டிவியில் வருவதில்லை என்று விசாரிப்பார்கள். எங்கள் குடும்பம் அடுத்தவர் வெங்காயக் காட்டிலும் பருத்திக் காட்டிலும் கூலிக்குப் போன குடும்பம். பள்ளியில் கபடி ஆடியவனை, சென்னையில் கல்லூரிக்குப் போனபோது ரக்பிக்கு இழுத்துக்கொண்டார்கள். பந்தைக் கையில் கொடுத்தால் இரண்டு பேரைச் சேர்த்து இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுவேன் என்பதுதான் என்னிடம் அவர்கள் கண்ட திறமை.

விளையாடியது கொஞ்ச காலம். ஆயுசைத் தின்றது கோச் வேலைதான். முதலில் சிறுவர் அணிக்கு உதவிப் பயிற்சியாளர், பிறகு பெண்கள் தேசிய அணிக்கு. பெயர் தெரியாத ஊர் மைதானங்களில் முகாம் போடுவோம். காலையில் எழுந்ததும் இது எந்த ஊர் என்று யோசிக்க வேண்டியிருக்கும். விடுதிச் சப்பாத்தி, ஈரம் காயாத சீருடை, புதிதாக வந்த நிர்வாகிக்கு ரக்பி என்றால் என்ன என்று ஆரம்பத்திலிருந்து விளக்குவது, தோற்று வந்தால் அதே நிர்வாகிக்கு ஏன் தோற்றோம் என்று விளக்குவது. இதெல்லாம் பழகிவிட்டது. ஒரு பெண்ணிடம் "உன் பெயர் இல்லை" என்று சொல்வது மட்டும் பழகவே இல்லை.

சில கோச்சுகள் பட்டியலை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டுப் போனை அணைத்துவிடுவார்கள். என்னால் அது முடியாது. அறிவிப்புக்கு முன்பே ஒவ்வொருத்தியாக அழைத்து, மைதானத்தின் ஓரக்கோட்டை ஒட்டி நடந்தபடி சொல்லிவிடுவேன். நடந்துகொண்டே பேசினால் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. அழுகிறவள் அழுதுகொள்ளலாம். இப்படி நடந்து நடந்தே அந்தக் கோடு எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது.

என் அக்காவை அரியலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறது. மச்சானுக்குச் சிமெண்ட் லாரி ஓட்டும் வேலை. இரண்டு பெண்கள். மூத்தவள் ரக்பிக்கு வந்ததற்கு நான் காரணம் இல்லை. பெரம்பலூரில் கல்லூரிக்குப் போனவள், அங்கிருந்த அணியில் தானாகவே சேர்ந்து, மாநில அளவில் ஆடி, தேசிய முகாமுக்குப் பெயர் வந்த பிறகுதான் எனக்கே போன் செய்தாள். "மாமா, இனிமே உங்கள எப்படிக் கூப்புடறது?" என்றாள். மைதானத்தில் சார், வீட்டில் மாமா என்று பேசி முடித்தோம். அவள் அதில் ஒரு நாளும் தவறியதில்லை. முகாமில் மற்றப் பெண்களைவிட என்னிடம் தள்ளியே நிற்பாள்.

நல்ல ஆட்டக்காரி. வேகம் உண்டு, பயம் கிடையாது. எதிராளி முழு வேகத்தில் ஓடிவரும்போது தோளைக் கொடுத்துத் தடுக்க வேண்டும். அந்தத் தடுப்பைத்தான் டேக்கிள் என்கிறோம். அதில் அவளை மிஞ்ச முகாமில் இரண்டொருவர்தான் இருந்தார்கள்.

இறுதித் தேர்வுக்கு முன்னால் முகாமுக்குச் சில நாள் விடுமுறை விட்டோம். அவள் ஊருக்குப் போனாள். நான் முகாமிலேயே தங்கிவிட்டேன். சின்னவள் வயதுக்கு வந்திருந்தாள், மஞ்சள் நீராட்டுக்கு மண்டபம் பார்த்துவிட்டார்கள். தாய்மாமன் சீர் பற்றிப் பேச அக்கா போன் செய்தாள். பட்டுப்பாவாடை என்ன நிறம், எத்தனை தட்டு, மேளம் யார் என்று எல்லாம் பேசிவிட்டு, கடைசியில் சொன்னாள்:

"பெரியவளுக்கு வலது தோளு சரியில்லடா. கையத் தூக்கவே முடியல. நாந்தான் சட்டை மாட்டி வுடறேன். மாத்திரயப் போட்டுக்கிட்டு யார்கிட்டயும் சொல்லாதங்கிறா. நீ கொஞ்சம் பாத்துக்க. ரொம்ப ஓட வுடாத."

சரி என்றேன். அக்கா சொன்னது தம்பியிடம். எங்கள் அம்மா போன பிறகு அவள் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டுகிற இடம் நான்தான். மச்சான் வாங்கிய திட்டிலிருந்து மாடியில் ஒழுகுகிற தண்ணீர் வரை எல்லாம் எனக்கு வந்துவிடும். நான் எந்த ஊரில் இருந்தாலும் அவள் போன் வந்தால் எடுத்துவிடுவேன்.

முகாம் திரும்பக் கூடியது. மூத்தவளை நான் கவனித்தேன். வலது பக்கம் வருகிறவளைக்கூடச் சுற்றிப் போய் இடது தோளால் தடுத்தாள். தெரியாதவர்களுக்கு அது சாமர்த்தியம் மாதிரி இருக்கும். பிசியோ கேட்டதற்கு வலி எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தாள். அறிக்கையும் சுத்தமாக இருந்தது.

தேர்வு அறையில் என்னோடு இன்னும் இரண்டு தேர்வாளர்கள். அவள் பெயர் வந்ததும் நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். சொந்தக்காரப் பெண், நான் இருக்கக் கூடாது. அவர்கள் விடவில்லை. "உட்காருங்க, இதுல பேச என்ன இருக்கு, அவ உள்ளதான்" என்று சிரித்தபடி பெயருக்கு நேரே குறி போட்டார்கள். எனக்கு மரியாதை செய்வதாக அவர்களுக்கு நினைப்பு. பாதிக்குப் பாதி அவள் தகுதியும்தான். வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அவள் தோளை ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன். அறிக்கையில் ஒன்றும் இல்லையே, உங்களுக்கு எப்படித் தெரியும் என்றார்கள். வீட்டில் சொன்னார்கள் என்றேன்.

ஸ்கேனில் தோளுக்குள்ளே தசைநார் கிழிந்திருந்தது தெரிந்தது. அப்படியே ஆட விட்டிருந்தால் ஒரு நல்ல இடியில் கை முழுசாகப் போயிருக்கும் என்றார் டாக்டர். பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தோம். ஓரக்கோட்டில் அவளோடும் நடந்தேன். அவள் அழவில்லை. "சரிங்க சார்" என்றாள். கொஞ்ச தூரம் போனதும், "ஸ்கேன் எடுக்கச் சொன்னது யாரு சார்?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். அன்று மாலையே பையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறிவிட்டாள். பையை இடது தோளில்தான் மாட்டியிருந்தாள்.

அடுத்த வாரம் மஞ்சள் நீராட்டு. நானும் மனைவியும் சீர்த்தட்டுகளோடு வேனில் அரியலூர் போனோம். மண்டபத்துக்கு முன்னால் ஃபிளெக்ஸ் பேனர் கட்டியிருந்தார்கள். நடுவில் சின்னவள், பக்கத்தில் ஆளுயரத்துக்கு நான். "தாய்மாமன், இந்திய அணிப் பயிற்சியாளர்" என்று என் படத்துக்குக் கீழே மஞ்சள் எழுத்து. மேல் மூலையில் கையில் பந்தோடு மூத்தவள். அவள் படத்துக்குக் கீழே வெள்ளைத் தாளை ஒட்டி மறைத்திருந்தார்கள். பசை காய்ந்து தாள் சுருங்கியதில் உள்ளே இருந்த எழுத்து வெளியே தெரிந்தது. இந்திய அணிக்குத் தேர்வாகியிருக்கும் எங்கள் வீட்டு வீராங்கனையை வாழ்த்துகிறோம் என்று போட்டிருந்தது.

பட்டியல் வருவதற்கு முன்பே மச்சான் பேனர் அடித்துவிட்டார். இரண்டு சந்தோஷத்துக்கும் ஒரே பேனர் என்று கடையில் சொல்லியிருக்கிறார். மாமனே கோச்சாக இருக்கும்போது பட்டியலுக்கு எதற்குக் காத்திருப்பது என்று நினைத்திருப்பார். எங்கள் ஊர்ப்பக்கம் இது ஒன்றும் அதிசயமில்லை. தேர்தலில் ஜெயிப்பதற்கு முன்பே ஜெயித்தவருக்கு நன்றி சொல்லிப் பேனர் அடிக்கிற ஆட்கள் நாங்கள். வேறு நாளாக இருந்தால் நானே சிரித்திருப்பேன். அன்று வேனிலிருந்து இறங்கவே மனசு வரவில்லை. மனைவிதான் தட்டை என் கையில் கொடுத்து, "நடங்க, மேளம் ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

சீர் வரிசை உள்ளே போனது. முறைப்படி மச்சான் வாசலுக்கு வந்து சந்தனம் கொடுத்தார். முறையில் ஒரு குறையும் வைக்கவில்லை. நான் சின்னவளுக்கு மாலை போட்டேன். அக்கா என் மனைவியின் கையைப் பிடித்து அழைத்துப் போய் உட்கார வைத்தாள். என்னைப் பார்த்து, "சாப்ட்டுட்டுப் போவலாம்" என்றாள். பொதுவாக எல்லோருக்கும் சொல்கிற மாதிரி இருந்தது. வழக்கமாக என்றால், ஏன்டா இளைச்சுட்ட, அங்க என்னதான் போடுறானுவோ என்று ஆரம்பித்திருப்பாள்.

பந்தியில் மச்சான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இலையைத் தண்ணீர் தெளித்துத் துடைத்தபடி, யார் காதிலும் விழாத குரலில் பேசினார்.

"நீங்க எங்களுக்கு ஒன்னும் செய்யணும்னு நான் கேக்கல மாப்ள. சும்மா இருந்திருந்தாப் போதும்."

"ஆடியிருந்தா கை போயிருக்கும் மச்சான்."

"போயிருக்கும். ஆனா ஆடிட்டுப் போயிருக்கும்ல."

அவர் லாரி ஓட்டிய கையை நீட்டிப் பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, எனக்கு இன்னொரு வடை வைக்கச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அசதியாக இருந்தது, அவ்வளவுதான். சரியானதைச் செய்தால் இவ்வளவு அசதியாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கை கழுவுகிற இடத்தில் மூத்தவள் நின்றுகொண்டிருந்தாள். பட்டுச்சேலை கட்டி, வலது கையை வயிற்றோடு ஒட்டி வைத்திருந்தாள். உறவுக்காரப் பெரியவர் ஒருவர் எப்போது ஆடப் போகிறாய் என்று கேட்க, அடுத்த வருசம் தாத்தா என்று சிரித்துப் பேசி அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"என்னைய டீம்லேர்ந்து எடுத்ததுக்குக் கோவம் இல்ல மாமா. நான் கோச்சா இருந்தாலும் எடுத்திருப்பேன். ஆனா அம்மா சொன்னத ஏன் அங்க வந்து சொன்னீங்க? பிசியோதான் எங்கிட்ட சொன்னாங்க."

"சொல்லாம எப்படிம்மா ஸ்கேன் எடுக்கச் சொல்றது?"

"என் டேக்கிளப் பாத்து கண்டுபுடிச்சேன்னு சொல்லியிருக்கலாம்ல. நீங்க பாத்தீங்க, எனக்குத் தெரியும். வீட்ல சொன்னாங்கன்னு சொல்லிட்டீங்க. எங்கம்மா சார்கிட்டயா பேசுச்சு? தம்பிகிட்டல்ல பேசுச்சு."

அவள் சொன்னது முழுக்க உண்மை. நான் பார்த்திருந்தேன். இடது தோளுக்கு மாறியதை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். அதைச் சொல்லியிருந்தால் போதும். அந்த அறையில் வாயில் முதலில் வந்தது வீடுதான். எனக்கு எது வீடு, எது மைதானம் என்று பிரித்துப் பார்க்கிற பொறுமை எப்போதோ போய்விட்டிருக்கிறது.

"அம்மாகிட்ட நான் இப்ப எதுவும் சொல்றதில்ல" என்றாள். "இங்க சொன்னா அங்க போயிடும்னு பயமா இருக்கு. அம்மாவுக்கும் அது தெரியும். ரெண்டு நாளா அழுவுது." சொல்லிவிட்டுப் பந்திப் பக்கம் போய்விட்டாள். நான் குழாயைத் திறந்து, கழுவிய கையையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றேன்.

வேன் கிளம்பும்போது அக்கா வாசல் வரைக்கும் வந்தாள். மனைவிக்குத் தாம்பூலப் பை கொடுத்தாள், வழியில் சாப்பிட லட்டும் முறுக்கும் கொடுத்தாள். வெளியே சிமெண்ட் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன, ரோடெல்லாம் தூசி. அவள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மன்னிப்புக் கேட்க நினைத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், ஆபரேஷனுக்குத் திருச்சியில் தெரிந்த டாக்டர் இருக்கிறார் என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

"புள்ளைக்குத் தோளு இப்ப எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். முந்தானையை எடுத்துவிட்டு, நிதானமாக, "நல்லா இருக்காப்பா" என்றாள்.

அது எனக்கு நன்றாகத் தெரிந்த பதில். கணுக்கால் வீங்கி நடக்க முடியாமல் நிற்கிற பெண்கூட, பட்டியலில் பெயர் போய்விடக் கூடாது என்று கோச்சைப் பார்த்து இதே நிதானமான முகத்தோடு அதைத்தான் சொல்லும். வருடக்கணக்காக எல்லா ஊரிலும் கேட்டிருக்கிறேன். என் அக்கா என்னிடம் அதைச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.