சீனியாரிட்டிப்படி ஒரு தகரப்பெட்டி

1. பெட்டி

டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வந்தால், "உங்க காலத்துல புது மருந்து பத்தியெல்லாம் எப்படித் தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்கிறார்கள். தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் பதில். தெரிந்துகொள்வதற்கான ஏற்பாடு மட்டும் எங்களிடம் பிரமாதமாக இருந்தது.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பெட்டி. வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசி வருஷங்கள். யுத்தம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அம்பத்தூரில் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் நான் எல்.எம்.பி. டாக்டர், அதாவது எம்.பி.பி.எஸ்ஸுக்கு ஒரு படி கீழே. சுற்றுவட்டாரத்தில் வேலை பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். அவர்களுடைய பெயர்கள் வேண்டாம். பேரப்பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள். நாங்கள் அப்போது ஒருவரையொருவர் ஊர்ப் பெயரால்தான் சொல்லிக்கொள்வோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன்.

சீமையிலிருந்து வரும் வைத்தியப் பத்திரிகையைத் தனித்தனியாக வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே சங்கத்துக்குப் பொதுவாக ஒன்று வரவழைத்தோம். கப்பலில் வந்து சேரும் இதழ்களைப் பூந்தமல்லியில் இருந்த செகரட்டரி ஒரு தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டி, ஆளுக்கு ஒரு வாரம் என்று சுற்றுக்கு விடுவார். படித்து முடித்தவர் உள்ளே இருக்கும் தாளில் "படித்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டியை அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். சாவி பெட்டியோடு போகாது. அது செகரட்டரியிடம் திரும்பிப் போய், அங்கிருந்து தபாலில் அடுத்தவருக்கு வரும். பெட்டி ஓர் ஊரில், சாவி ஓர் ஊரில். கல்யாணம் நிச்சயமான பெண்ணும் பிள்ளையும்கூட அதைவிட அடிக்கடி பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெட்டி போகும் வழி இருக்கிறதே, அதுதான் என் வயிற்றெரிச்சல். பக்கத்து ஊர், அடுத்த ஊர் என்று அது போகாது. சீனியாரிட்டிப்படி போகும். முதலில் பூந்தமல்லி, பிறகு திருமழிசை, அங்கிருந்து ஒரேயடியாக வில்லிவாக்கம், வில்லிவாக்கத்திலிருந்து ரயிலில் ஆவடி. அப்புறம் இன்னும் சிலர். நான் வயதிலும் சின்னவள், படிப்பிலும் சின்னவள், போதாக்குறைக்குப் பெண்பிள்ளை. கடைசி.

வில்லிவாக்கத்திலிருந்து ஆவடிக்குப் போகிற ரயில் அம்பத்தூரைத் தாண்டித்தான் போகும். ஸ்டேஷன் போர்ட்டர் என்னைப் பார்த்தால் சிரிப்பான். "டாக்டரம்மா, உங்க பொட்டி போய்க்கினு கீது பாரு. எறக்கவா?"

"என் முறை வரலைப்பா."

"உன் ஊட்டு வாசல்லயே போவுது, உனுக்கு மொற வர்லியா?" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைத் தூக்கப் போய்விடுவான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அது ஊரெல்லாம் சுற்றி என்னிடம் வந்து சேரும்போது, அதில் எழுதியிருக்கும் புது மருந்துக்கு நரை விழுந்திருக்கும்.

2. கன்னியம்மா

அண்ணனூரில் ரயில் லைன் ஓரத்துக் குடிசையில் இருந்த, தண்டவாளம் செப்பனிடும் கேங்மேன் முனுசாமியின் மனைவி கன்னியம்மா. தலைச்சன் பிரசவம். ஊர் மருத்துவச்சிதான் பார்த்தாள். மூன்றாம் நாள் குளிர் எடுத்து ஜுரம் கண்டது. நான் போனபோது வயிறு கல்லாக இருந்தது, தொட்டால் துடித்தாள். பிரசவ ஜன்னி. அறிமுகம் தேவையில்லாத விருந்தாளி.

முனுசாமி வாசலிலேயே நின்றான். "ஒடம்பு நெருப்பா கீதும்மா. கொயந்த பாலுக்கு அயுதுகினே கீது. இவ இன்னாடான்னா யாரோ வந்துகினு கீறாங்கன்னு ஒளறா. பொயச்சிக்குவாளா?"

அந்தக் காலத்தில் இந்த ஜுரத்துக்கு நாங்கள் செய்த வைத்தியம் இவ்வளவுதான்: அவளுக்குப் பேதி உப்பு, நெற்றிக்கு ஈரத்துணி, புருஷனுக்கு ஆறுதல். இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருப்போம். பாதிப் பேருக்குமேல் என்ன ஆனார்கள் என்று நான் சொல்ல விரும்பவில்லை.

ஆனால் எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. சில வாரங்களுக்கு முன் சென்ட்ரல் ஸ்டேஷனில் என்னோடு படித்த மரகதத்தைப் பார்த்தேன். புருஷனுக்கு வடக்கே வேலை மாற்றல், மெயிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். "பிரசவ ஜன்னிக்கு மாத்திரை வந்திருக்குடி. சல்பா மாத்திரை. ஆனா டோஸ் அவங்க சொல்றபடி குடுக்கணும். கூட சிலது குடுக்கவே கூடாதாம். எல்லாம் உங்க பெட்டியில வர்ற பத்திரிகையில விவரமா போட்டிருக்கானே, படிக்கலையா நீ?" என்றாள். என் முறை வரவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. மேலே விவரம் கேட்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.

மாத்திரை பட்டணத்தில் கிடைக்கும். எவ்வளவு கொடுப்பது, எதைச் சேர்க்கக் கூடாது? அதை ஊகித்துக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. கன்னியம்மாவைத் தூக்கிக்கொண்டு பட்டணத்துக்குப் போகலாமென்றால் வழியிலேயே போய்விடும் நிலைமை. பட்டணத்து லைப்ரரிகளுக்குள் நுழைய எனக்குச் சிபாரிசு வேண்டும். பெட்டியோ ஆவடியில், அடுத்த ஸ்டேஷனில்.

"ஈரத்துணியை மாத்திக்கிட்டே இரு. வேற எதுவும் குடுக்காதே. நான் வந்துடறேன்" என்று முனுசாமியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

3. பொதுவா நல்லா எழுதியிருக்கான்

ஆவடி டாக்டர் மரியாதையான மனிதர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார்.

"பெட்டி இங்கேதாம்மா இருக்கு. ஆனா நேத்துதான் சாவியைத் திருப்பி அனுப்பிச்சேன்."

"பரவாயில்லை சார். நீங்க படிச்சிருப்பீங்களே. பிரசவ ஜுரத்துக்கு சல்பா மாத்திரை, டோஸ் என்ன போட்டிருக்கான்?"

அவர் மீசையைத் தடவினார். "பொதுவா நல்லா எழுதியிருக்கான்."

"டோஸ் சார்."

"கையெழுத்துப் போட்டுட்டேனே" என்றார், அதுதான் டோஸ் என்பது போல.

பூட்டை உடைத்துவிடலாமா என்று கேட்டேன். சங்கத்துச் சொத்து என்றார். பூந்தமல்லிக்கு எடுத்துப் போகிறேன் என்றேன். அதற்கு மட்டும், தம்முடைய அட்டெண்டர் கோவிந்தன் கூடவே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். ஜட்கா பேசிக் கிளம்பினோம். கோவிந்தன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒரு பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது நான் பெட்டியைப் பிடித்தேன். "கை வெக்காதம்மா. அப்பால ஐயா என்னியத்தான் கேப்பாரு" என்றான்.

பூந்தமல்லி செகரட்டரி எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். பகல் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, விஷயத்தை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"உன் முறை எப்போ?"

"கடைசி சார்."

"அப்போ முறை தப்பித் திறக்கணும்னா தீர்மானம் வேணும். அவசரக் கூட்டம்னாலும் எல்லாருக்கும் நோட்டீஸ் போகணும்."

"அதுக்குள்ள அவ செத்துப்போயிடுவா சார்."

"ஆளாளுக்கு அவசரம்னு வந்து நின்னா அப்புறம் சங்கம் எதுக்கு?"

எனக்கு அழுகை வந்தது. துக்கத்தில் அல்ல, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க முடியவில்லையே என்ற ஆத்திரத்தில். கையில் கிடைக்கக்கூடியதாக மேஜைமேல் ஒரு பாட்டில் இருந்தது. காகிதங்கள் பறக்காமலிருக்க அதை மேலே வைத்திருந்தார். லேபிளைப் பார்த்தேன். சல்பா மாத்திரை, மூடி திறக்காத பாட்டில்.

"இது எப்படி சார் இங்கே?"

"கம்பெனி ஏஜெண்ட் சாம்பிள்னு வச்சுட்டுப் போனான். கனமா இருக்கேன்னு வச்சிருக்கேன்."

அவர் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். நேராக வந்தார். இடுப்பிலிருந்த கொத்திலிருந்து பெட்டியின் சாவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "பிள்ளை பெத்தவ சாகக் கிடக்கிறாளாம். பொண்ணு எடுத்துட்டுப் போகட்டும். நீங்க சாவகாசமா தீர்மானம் போடுங்க" என்றார். சங்கத்தில் சீனியாரிட்டி எப்படியோ, வீட்டில் வேறு மாதிரி.

பெட்டியைத் திறந்தேன். இதழ் மேலாகவே இருந்தது. தாளில் எனக்கு முன்னால் முறை முடிந்த அத்தனை பேரும் "படித்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கட்டுரையைத் தேடினேன். அட்டையில் அதன் பெயர் இருந்தது, உள்ளே பக்கம் பிரிக்க வரவில்லை. அந்தக் காலத்துச் சீமைப் பத்திரிகைகள் ஓரம் வெட்டாமல்தான் வரும். மடித்த தாள்களைப் படிக்கிறவர்தான் கத்தியால் கிழித்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். அந்த மடிப்பு அச்சகத்தில் மடித்தபடியே இருந்தது. எந்தக் கத்தியும் அதைத் தொடவில்லை.

நான் கொண்டை ஊசியை உருவி, நின்றபடியே கிழித்தேன்.

நாங்கள் ஒரு வேளைக்கு ஒன்று என்று கொடுக்கும் வழக்கத்துக்கு நேர்மாறாக, முதலில் நிறையக் கொடுத்துவிட்டு, பிறகு இராப்பகலாக விடாமல் நாலு மணிக்கொரு தரம் கொடுக்கச் சொல்லியிருந்தான். உதடு நீலம் பூத்தால் பயந்து நிறுத்திவிடாதே என்று எழுதியிருந்தான். முக்கியமாக, பேதி உப்பை இதோடு சேர்க்காதே, ரத்தத்தைக் கெடுத்துவிடும் என்று எழுதியிருந்தான். மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடியிருந்தால் உப்பையும் கலக்கித்தான் கொடுத்திருப்பேன். எங்கள் எல்லாருக்கும் கை தானாக அங்கேதான் போகும்.

காகிதங்கள் பறந்தால் பறக்கட்டும் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முனுசாமி டிஸ்பென்சரிக்கு ஓடிவந்தான். "ஒதடெல்லாம் நீலமா பூடிச்சும்மா. நீ குடுத்தது வெசம்னு எங்கம்மா கத்திக்கினு கீது."

"அப்படித்தான் ஆகும்னு எழுதியிருக்கு. நிறுத்தாதே" என்று சொல்லி அவனோடேயே போனேன். சொன்னேனே தவிர, அன்று முழுவதும் கன்னியம்மாவின் நாடியை விட்டுக் கை எடுக்கவில்லை. அதற்கும் மறுநாள் ஜுரம் இறங்கியது. கண்ணை விழித்து, "கொயந்த எங்க?" என்று கேட்டாள். முனுசாமி வெளியே போய், லைன் ஓரத்தில் உட்கார்ந்து அழுதான்.

4. கூட்டம்

சங்கத்தில் என்மேல் விசாரணை வைத்தார்கள். முறை தப்பிப் பெட்டியைத் திறந்தது ஒன்று. கொண்டை ஊசியால் பக்க ஓரங்களைப் பிசிறாக்கியது இன்னொன்று. கன்னியம்மா பிழைத்தது நிகழ்ச்சிநிரலில் இல்லை.

"சங்கத்துச் சொத்தைச் சேதம் பண்ணியிருக்கே" என்றார் செகரட்டரி.

"மன்னிக்கணும் சார். எனக்கு ஒரே சந்தேகம். இத்தனை பேர் படிச்ச பக்கத்தை என்னால எப்படி சார் முதல்ல வெட்ட முடிஞ்சது?"

ஆவடி டாக்டர் மீசையைத் தடவினார். வில்லிவாக்கம் டாக்டருக்கு இருமல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு தீர்மானம் நிறைவேறியது: இனிமேல் பெட்டியில் காகிதம் வெட்டுகிற கத்தி ஒன்றும் வைப்பது. பெட்டிக்குள்ளேதான், அதே பூட்டுக்குள். பிறகு காபி வந்தது.

வெளியே வந்தபோது திருமழிசை டாக்டர் என் பின்னாலேயே வந்தார். அதிகம் பேசாத, வயதான மனிதர். "அம்மா, அந்த டோஸைக் கொஞ்சம் சொல்லு" என்றார். சொன்னேன். உப்பைப் பற்றியும் சொன்னேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"போன மாசம் எனக்கு ஒரு கேஸ் வந்தது. ஏஜெண்ட் எனக்கும் ஒரு பாட்டில் குடுத்திருந்தான். வேளைக்கு ஒண்ணு குடுத்தேன். உப்பும் குடுத்தேன்."

"அவ?"

"போயிட்டா. மாத்திரை சரியில்லைன்னு நினைச்சேன்." பிறகு, நான் கேட்காமலே, "கையெழுத்துப் போட்டிருந்தேனேம்மா" என்றார்.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மறுநாளே ஒரு தபால் கார்டில் கட்டுரையின் சாரத்தை எழுதினேன். எவ்வளவு, எப்போது, எதைச் சேர்க்கக் கூடாது, எதற்குப் பயப்படக் கூடாது, அவ்வளவுதான். "எல்லா டாக்டர்களுக்கும் உடனே தெரியப்படுத்தவும்" என்று கடைசியில் கோடு போட்டுச் செகரட்டரிக்கு அனுப்பினேன். அவர் உடனே தெரியப்படுத்தினார். கார்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டி, சீனியாரிட்டிப்படி சுற்றுக்கு விட்டார்.

அதற்குப் பிறகு நான் அவரை நம்பவில்லை. என் முறை கடைசியாக வந்தாலும், ஒவ்வொரு இதழுக்கும் ஒவ்வொரு டாக்டருக்கும் நேராகவே கார்டு போட்டேன். டாக்டருக்குப் படிக்கிற உங்களுக்கு நான் சொல்வதும் அதுதான். படித்தது உங்கள் அலமாரியில் இருந்து பிரயோஜனமில்லை. யாருக்குத் தேவையோ அவர் கைக்குப் போக வேண்டும். படித்தேன் என்று எவராவது சொன்னால், தயவுதாட்சண்யம் பார்க்காமல் டோஸ் என்ன என்று கேளுங்கள். என்னையும் சேர்த்துத்தான்.

அந்த முதல் கார்டு ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் என் முறைக்கு என்னிடமே வந்தது. நான் எழுதியதை நான் படிப்பதற்கு அத்தனை மாதம் ஆயிற்று. பின்பக்கம் நெருக்கியடித்து எல்லாரும் "படித்தேன்" என்று கையெழுத்துப் போட்டிருந்தார்கள். திருமழிசை டாக்டர் மட்டும் அந்த வார்த்தையை எழுதவில்லை. அவர் கையெழுத்துக்கு மேலே பொடி எழுத்தில் இப்படி இருந்தது: "கொடுத்தேன். பிழைத்தாள்."