சஷ்டி விரதமும் கோவாப் புழுவும்

கோவா என்கிற முட்டைக்கோஸ் பாத்தியில் புழு எடுப்பதில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் என்னை மிஞ்ச ஆளில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போவதற்கு முன் ஒருமுறை, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து ஒருமுறை, ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். அடியில் மஞ்சள் முட்டை ஒட்டியிருந்தால் கட்டைவிரலால் தேய்த்துவிடுவேன். புழு என்றால் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து ஒரே நசுக்கு. பச்சையாகத் தெறிக்கும். எனக்கு அருவருப்பே கிடையாது, உண்மையைச் சொன்னால் பிடிக்கும். மலையில் வேலை வாங்கும் கண்டாக்கு திட்டிய நாளென்றால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும்.

தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கம், லயத்தில் எனக்கு அடுத்த காம்பராவில் குடியிருப்பவளின் பாத்தி. என்னைவிட இளையவள், வேதக்காரி. அவள் புருஷன் கண்டி ஆஸ்பத்திரியில் வயிற்றில் ஆபரேஷன் செய்து கிடந்தபோது, அவன் பிழைத்தால் தன் கையால் மருந்தடிக்காமல் வளர்த்த பன்னிரண்டு கோவாவை அறுப்பின் பண்டிகையன்று சர்ச்சில் வைப்பதாக நேர்ந்திருந்தாள். அவன் பிழைத்து வீட்டுக்கு வந்தான். அவள் நட்ட பன்னிரண்டும் என்னுடையதைவிடப் பெரிதாக உருண்டு வந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. ஆறு நாள் விரதம், எந்த உயிரையும் கொல்லக் கூடாது. அது புழுவுக்குத் தெரிந்துவிட்டதோ என்னவோ, மழை விட்டதும் என் பாத்தியில் கொத்துக் கொத்தாக ஏறிக்கொண்டது. பொறுக்கி ஒரு யோகட் கோப்பையில் போட்டேன். எங்கே கொண்டுபோய் விடுவது? மேலே இரண்டு எட்டு வைத்தால் தேயிலை. ஆனால் தேயிலையில் விட்டால் தின்ன வழியில்லாமல் செத்துப்போகும், அந்தப் பாவம் என் தலையில் விழும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கானுக்கு மேலாகக் கையை நீட்டி அவள் பாத்தியில் கொட்டினேன். அவளுக்குத்தான் விரதம் இல்லையே, அவள் நசுக்கட்டும்.

ஆறு நாளும் காலையும் மாலையும் கொட்டினேன். கொட்டிவிட்டுக் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, கோயிலுக்குப் போனேன்.

நாலாம் நாள் மழைத் தூறலில் தலையில் உரச் சாக்கைப் போட்டுக்கொண்டு அவள் புழு பொறுக்கிக்கொண்டிருந்தாள். இலையெல்லாம் சல்லடையாகியிருந்தது.

"என்னா புள்ள, புழு புடிச்சிருச்சா?" என்று கேட்டேன்.

"ஆமாங்கக்கா. குருத்துக்குள்ளயே போயிருச்சு."

"நேர்த்தியில ஏதாவது கொற இருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு."

அவள் குனிந்து அடுத்த இலையைத் திருப்பினாள். எனக்கு அன்றைக்குப் பசியே தெரியவில்லை.

ஆறாம் நாள் சூரனை வதம் செய்தார்கள். மறுநாள் விரதத்தை முடித்துக்கொண்டு, கோயில் பொங்கலை வாழையிலையில் வாங்கி வந்தேன். அவள் கானோரம் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் அவள் பாத்தியில் சர்ச்சுக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு கோவாகூட மிச்சமில்லை.

"வெரதம் முடிஞ்சிருச்சாங்கக்கா?"

"முடிஞ்சிருச்சு. இந்தா, பிரசாதம் எடுத்துக்க."

"மொத நாளே பாத்தேன். வெரதம் இருக்கிறவங்களோட சண்ட போட்டா, அவங்க பட்டினி கெடந்த பலன் போயிரும்னு வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

சொல்லிவிட்டு ஓங்கி என் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். பொங்கல் கானில் விழுந்து தண்ணீரோடு போனது. லயமே பார்த்தது. ஆறு நாளும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எனக்கு ஆமாங்கக்கா என்று பதில் சொல்லியிருக்கிறாள். அறையைவிட அதுதான் எனக்கு வலித்தது. திருப்பிக் கை ஓங்க எனக்குத் தோன்றவில்லை.

சனிக்கிழமை என் பாத்தியில் பன்னிரண்டு கோவாவை வெட்டி அவள் வாசலில் கொண்டுபோய் வைத்தேன். அவள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"நா வளத்ததுன்னு சாமிகிட்டயே பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மறுநாள் அறுப்பின் பண்டிகைக்கு அவளும் புருஷனும் வெறுங்கையோடு சர்ச்சுக்கு இறங்கிப் போனார்கள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தான். அவர்கள் வளைவு திரும்பும்வரை கதவுக்குப் பின்னால் நின்றுவிட்டு, அவள் வாசலில் கிடந்த கோவாவை அள்ளிக்கொண்டு வந்தேன். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கோவாக் கறிதான். ருசியாகவே இருந்தது, இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டேன்.